ஜாஜென் உட்கார உட்கார உள்ளே எல்லாம் வற்றிப்போகிறது. தொடரலாமா, நிறுத்தலாமா?

தறிக்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல ஆள் இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஜாஜென், அதாவது ஜென் பௌத்த முறையில் உட்கார்ந்து செய்கிற தியானம், பழக ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுவரைப் பார்த்து உட்கார், முதுகை நிமிர்த்து, மூச்சை எண்ணு, வருவது வரட்டும் போவது போகட்டும், இவ்வளவுதான் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இணையத்தில் ஒரு குழு இருக்கிறது, விடியற்காலையில் எல்லாரும் வீடியோவில் சேர்ந்து உட்காருவோம். முதல் சில மாதங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தது. கோபம் குறைந்தது, ஜி.எஸ்.டி. கணக்கு முடிக்கிற நெருக்கடியில்கூட ராத்திரி தூங்க முடிந்தது.

ஐப்பசியில் அம்மா தவறிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த கொஞ்ச நாளில் குழு ஆசிரியர் ஒரு செஷின், அதாவது பல நாள் தொடர் தியான முகாம், வைத்தார். பேச்சு கிடையாது, போன் கிடையாது, காலை நாலரை மணியிலிருந்து ராத்திரி வரை உட்காருவதும் நடப்பதும்தான். மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று போனேன். பாதியில் ஒரு நாள் மத்தியானம் என்னவோ ஆனது. மடியில் வைத்திருந்த கை என்னுடையது மாதிரி தெரியவில்லை. மணி அடித்தது, சத்தம் இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. அப்போது பயமாக இல்லை, லேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை, ஆனால் அந்த லேசு மட்டும் போய்விட்டது. போன வாரம் அம்மாவின் புளிச்சாடியைக் கழுவ எடுத்தேன். சாடியின் வாயில் அப்பாவுடைய பழைய வேட்டித்துணி கட்டியிருந்தது, அம்மா போடுகிற அதே முடிச்சு. அதை அவிழ்க்கும்போது அழுகை வரவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, வரவில்லை. யாரோ ஒருத்தர் வீட்டுச் சாடி மாதிரி கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அக்கா மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், அதற்கும் ஒன்றுமில்லை. சாப்பாட்டில் ருசி இல்லை, விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே தூக்கம் கலைந்துவிடுகிறது.

ஆசிரியரிடம் சொன்னேன். நான் என்பது கரைகிறது, இதுதான் வாசல், பயந்து பின்வாங்காதே, உட்காரும் நேரத்தைக் கூட்டு என்றார். கூட்டினேன், இப்போது இரண்டு வேளையும் உட்காருகிறேன். கூட்டக் கூட்ட உள்ளே இன்னும் வற்றுகிறது.

எல்லாம் சூன்யம் என்று இதய சூத்திரம் என்கிற சின்னப் பௌத்த நூலில் தினமும் ஓதுகிறோமே, நான் பார்ப்பது அதைத்தானா? அம்மாவுக்காக அழாமல் இருப்பது பக்குவமா, இல்லை எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நிறுத்தினால் இவ்வளவு நாள் உட்கார்ந்ததெல்லாம் வீணா?

கருங்குருவி:

தோழி, முதலில் ஒன்று. இன்று ராத்திரி உட்காரவேண்டாம். நாளைக் காலையும் வேண்டாம். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் ரொம்ப காலமாக ஜாஜென் உட்காருகிறவன். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோவுக்கு அவ்வப்போது போவேன். 1996-ல் ஆரம்பித்த இடம் அது, ஜப்பானில் காமகுராவில் யாமதா கோஉன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்ற ஏசுசபைப் பாதிரியார் ஆமா சாமி உருவாக்கியது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஜென் மேல் எனக்கு அக்கறை இல்லாமல் இதை எழுதவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்வது ஜென்னுக்குப் புதிது கிடையாது. ஹாகுயின் என்று ஒருவர், 1686-ல் பிறந்து 1769 வரை இருந்தவர், ஜென்னின் ஒரு பிரிவான இன்றைய ரின்சாய் ஜென் முழுக்க அவர் வழியாக வந்தது என்றே சொல்லலாம். அவர் இருபதுகளில் வெறியாக உட்கார்ந்து உடம்பையும் மனசையும் கெடுத்துக்கொண்டார். தலையில் நெருப்பு மாதிரி சூடு, கால் இரண்டும் பனிக்கட்டியில் வைத்த மாதிரி சில்லிப்பு, காதில் ஓயாத இரைச்சல், எதைப் பார்த்தாலும் பயம், கண்ணில் சதா நீர். யாராலும் குணப்படுத்த முடியவில்லை. கடைசியில் கியோட்டோ பக்கத்து மலையில் ஒரு குகையில் இருந்த ஹாகுயூ என்ற துறவியைத் தேடிப் போனதாக 1757-ல் வந்த யசென்கன்னா என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார். இந்தச் சந்திப்பு அப்படியே நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும். அந்தத் துறவி சொன்ன வைத்தியத்தைப் பாருங்கள். இன்னும் கடுமையாக உட்கார் என்று சொல்லவில்லை. கோஆனை, அதாவது தியானத்துக்கு ஆசிரியர் கொடுக்கிற புதிர்க் கேள்வியை, ஒதுக்கி வை, கவனத்தைத் தலையிலிருந்து அடிவயிற்றுக்கும் உள்ளங்காலுக்கும் இறக்கு, தலை உச்சியில் வாத்து முட்டை அளவு வெண்ணெய் உருண்டை வாசனையோடு இருப்பதாக நினை, அது இளகி கழுத்து, தோள், நெஞ்சு, குடல், தொடை என்று பாதம் வரை வழிவதாக உணர் என்றார். பயிற்சியை நிறுத்து, உடம்பைக் கவனி என்பதுதான் அதன் சாரம். ஜென் நோய் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள், அதாவது அடிக்கடி நடந்திருக்கிறது. நேரத்தைக் கூட்டு என்று உங்களுக்குச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, அந்தச் சூன்யம். நாகார்ஜுனர் என்ற பௌத்தத் தத்துவ ஆசிரியர், ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முந்தையவர், சூன்யத்தைப் பற்றி அவரைவிட ஆழமாகப் போனவர் யாருமில்லை. அவரே எச்சரிக்கிறார்: சூன்யத்தைத் தப்பாகப் பிடித்துக்கொள்வது பாம்பைத் தப்பாகப் பிடிக்கிற மாதிரி, பிடித்தவனையே அழித்துவிடும் என்று. எதுவும் தனியாக நிற்பதில்லை, ஒவ்வொன்றும் மற்றதைச் சார்ந்தே உண்டாகிறது, அதைத்தான் சூன்யம் என்கிறேன் என்று அதே அத்தியாயத்தில் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் அந்தப் புளிச்சாடியில் உங்கள் அம்மா இருக்கிறார், அப்பா வேட்டி இருக்கிறது, அந்த முடிச்சைப் போட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த கை இருக்கிறது. சூன்யத்தைப் பார்த்தவருக்கு அந்தச் சாடி இன்னும் நெருக்கமாகியிருக்கும். உங்களுக்கு அந்நியமாகிவிட்டது. அதனால் இதை ஞானக் கணக்கில் எழுதாதீர்கள். பழைய சீன ஆசிரியர்கள் இதைக் கருமலையின் பேய்க்குகையில் குடியிருப்பது என்பார்கள். பாராட்டாகச் சொன்னதில்லை.

உட்கார்ந்தது வீணா என்று கேட்டீர்கள். வீணில்லை. ஆனால் இப்போது கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை.

இரவுப்பணி:

மதுரையில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தியானம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, கருங்குருவி சார் சொன்னதே போதும். ஆனால் நீங்கள் எழுதியதில் தியானமே இல்லாத நாலு விஷயம் என் கண்ணில் பட்டது. விடிவதற்கு ரொம்ப முன்னால் தூக்கம் கலைவது, ருசி போனது, பிரியமான குழந்தை கட்டிப்பிடித்தும் ஒன்றும் தோன்றாதது, அம்மா இறந்து கொஞ்ச காலமே ஆனது. இந்த நாலையும் சொல்லி யார் வார்டுக்கு வந்தாலும் நாங்கள் மன அழுத்த நோய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். கை தன்னுடையது மாதிரி இல்லை என்பதும் நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒன்று. பெரிய துக்கத்திலும், தூக்கம் கெட்டாலும், பதற்றத்திலும் அப்படி வரும். நான் நோய் இன்னதென்று சொல்லவில்லை, அது டாக்டர் வேலை. தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுப்பார்கள், செய்துவிடுங்கள், அவை குறைந்தாலும் இப்படி மந்தமாக்கும்.

தியானத்தால் இப்படி ஆகுமா என்றால், ஆகும். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டால், பிரிட்டன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் ஜென், தேரவாதம், திபெத்திய மரபுகளைச் சேர்ந்த சுமார் 60 பயிற்சியாளர்களையும் 30-க்கு மேற்பட்ட ஆசிரியர்களையும் வல்லுநர்களையும் உட்காரவைத்து விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். பயம், உணர்ச்சி மரத்துப்போவது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, நான் என்ற உணர்வு மாறுவது எல்லாம் அதில் வருகிறது. சிலருக்கு லேசாக வந்து போனது, சிலருக்கு வருஷக்கணக்கில் நீடித்தது. அதனால் இது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன், வார்டிலும் இப்படித்தான் கேட்போம், கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. செத்துப்போனால் தேவலை, எழுந்திருக்காமலே இருந்தால் நல்லது என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஒற்றைப்பனை:

மற்றவர்கள் சொன்னதை மறுக்கவில்லை, டாக்டரைப் பார்க்கட்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லா இருட்டையும் நோய் என்று சொல்லிவிட்டால் ஜென்னில் மிச்சம் என்ன இருக்கிறது? காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் கொண்டாடுகிற போதிதர்மரிடம், பிறகு அவருக்குச் சீடரான ஹுய்கே வந்து நின்றது எப்படி? என் மனசு நிம்மதியில்லை, அமைதிப்படுத்துங்கள் என்று கதறிக்கொண்டுதான். மனசைக் கொண்டுவா, அமைதிப்படுத்துகிறேன் என்கிறார் அவர். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்கிறார் ஹுய்கே. அப்படியானால் அமைதிப்படுத்தியாயிற்று என்று முடிக்கிறார். 1228-ல் வூமென் என்ற சீன ஆசிரியர் தொகுத்த கோஆன்களில் 41-ஆவது இது. 13-ஆம் நூற்றாண்டில் காஃபெங் என்ற சீன ஆசிரியர் பயிற்சிக்குச் சொன்ன மூன்று அடிப்படைகளில் பெரும் நம்பிக்கை, பெரும் உறுதி இரண்டோடு பெரும் சந்தேகமும் இருக்கிறது. விரக்தியின் அடிவரை போகாமல் யாரும் எதையும் பார்த்ததில்லை. இந்தச் சகோதரி அந்த விளிம்பில் நிற்கிறாரோ என்னவோ, நாம் கையைப் பிடித்து இழுத்துவிடக்கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

கருங்குருவி:

ஒற்றைப்பனை, நீங்கள் சொன்ன கதையிலேயே பதில் இருக்கிறது. ஹுய்கேக்கு வலித்தது. பனியில் நின்று அழுதார், கேட்டார், திரும்பக் கேட்டார். பெரும் சந்தேகத்தில் இருப்பவருக்குத் தூக்கம் வராது, ஆனால் உடம்பெல்லாம் ஒரே கேள்வியாகக் கொதிக்கும், தொண்டையில் சிக்கிய இரும்புக் குண்டு என்பார்கள். இவருக்குக் கேள்வியே இல்லை, மரத்துப்போயிருக்கிறது. நான் ஆட்களைப் பார்த்தவரை இதுதான் வித்தியாசம்: ஒன்றில் சூடு இருக்கும், அடுத்தவர் வலி கூடுதலாக உறைக்கும், வாசலில் நிற்கும் நாய் மேல்கூட இரக்கம் வரும். இன்னொன்றில் எல்லாம் தூரமாகிவிடும்.

இன்னொன்று. அந்த விளிம்பில் ஹுய்கே தனியாக நிற்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச ஒருவர் எதிரில் இருந்தார். அதற்காகத்தான் செஷினில் தினமும் தனித்தனியாக ஆசிரியரைப் பார்க்கிற டோகுசான் வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிற நடையிலேயே நல்ல ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், இந்த ஆளைத் தள்ளவேண்டுமா, வீட்டுக்கு அனுப்பவேண்டுமா என்று. வீடியோவில் சின்னக் கட்டத்துக்குள் தெரிகிற முகத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. துக்கம் ஆறாத ஒருவரைக் கடும் செஷினில் சேர்ப்பதற்கு முன்னாலேயே உட்காரவைத்துப் பேசியிருக்கவேண்டும்.

தறிக்காற்று:

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, நீங்கள் கேட்டதற்கு: சாகவேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் விடியற்காலையில் முழிப்பு வரும்போது, ஏன் வந்தது, வராமலே இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அதையும் தியானத்தில் வருகிற எண்ணம் மாதிரி, வந்தது போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இரவுப்பணி:

சொன்னது ரொம்ப நல்லது தங்கச்சி. அந்த எண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டாம், அதை ஒரு ஆளிடம் சொல்லவேண்டும். இன்று சாயங்காலமே உங்கள் அக்காவிடம் இங்கே எழுதின அதே வரியைச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் போனில் இதைத் திறந்து கையில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். டாக்டரை இந்த வாரமே பார்க்கவேண்டும், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. எண்ணம் கொஞ்சம் கூடினாலும் 14416, இல்லையென்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடல்கடந்த_கொக்கு:

யோகோஹாமாவிலிருந்து எழுதுகிறேன், வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ட்சுருமியில் சோஜி-ஜி இருக்கிறது, ஜென்னின் இன்னொரு பிரிவான சோட்டோவுக்கு எய்ஹெய்-ஜியும் இதுவும்தான் தலைமைக் கோயில்கள். பொதுமக்களுக்கு அங்கே ஜாஜென் உண்டு, நானும் போகிறேன். தமிழில் ஜென் பற்றிப் படித்துவிட்டு இங்கே வந்து பார்த்தபோது எனக்கு முதலில் உறைத்தது, இங்கே உட்காருவது எவ்வளவு சின்னப் பகுதி என்பதுதான். துறவிகள் காலையில் அந்த நீளத் தாழ்வாரத்தைக் குனிந்து ஈரத்துணியால் தள்ளிக்கொண்டே ஓடுகிறார்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நூறு மீட்டருக்கு மேல் இருக்கும், தரை கண்ணாடியாக மின்னும். அப்புறம் சமையல், தோட்டம், இறந்தவர்களுக்கான சடங்குகள். கோயிலுக்கு வருகிற பெரும்பாலான சனம் தியானத்துக்கு வருவதில்லை, செத்துப்போன அப்பா அம்மாவுக்காக வருகிறார்கள். 49-ஆம் நாள் சடங்கில் துறவி சூத்திரம் ஓதுகிறார், நீங்கள் தினமும் ஓதுகிற அதே இதய சூத்திரத்தை அங்கேயும் கேட்கலாம், குடும்பம் உட்கார்ந்து அழுகிறது. அழக்கூடாது என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

சோட்டோ மரபைத் தொடங்கிய டோகென் சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். அம்மாவின் சடங்கில் ஊதுபத்திப் புகை எழுந்து கலைவதைப் பார்த்துத்தான் நிலையாமை மனசில் தைத்தது என்பார்கள். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவர் தேடலே கிளம்பியது. புத்தர் குசிநகரத்தில் கடைசிப் படுக்கையில் இருந்தபோது அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் உள்ளே போய்க் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். சேர்ந்தது பிரியும் என்று சொன்னார்தான், ஆனால் அதோடு விடவில்லை, இத்தனை காலம் எவ்வளவு அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மாவுக்கு அழாமல் இருப்பது பக்குவமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுதினேன்.

இன்னொன்றும் உங்களுக்கு உதவலாம். மொரிட்டா ஷோமா என்று ஒரு ஜப்பானிய மனநல மருத்துவர், 1874-லிருந்து 1938 வரை இருந்தவர், 1919 வாக்கில் ஒரு சிகிச்சை முறையைக் கொண்டுவந்தார். ஜென்னின் சாயல் நிறைய இருக்கும், ஆனால் அதில் தியானம் கிடையாது. முதலில் சுமார் ஒரு வாரம் முழுப் படுக்கை ஓய்வு, அப்புறம் தோட்டத்தைப் பார்ப்பது, இலை கூட்டுவது மாதிரி லேசான வேலை, அப்புறம் கொஞ்சம் கடினமான வேலை, கடைசியில் வழக்கமான வாழ்க்கை. உணர்ச்சியைத் திருத்தப் போராடாதே, அது இருக்கிறபடி இருக்கட்டும், கையில் இருக்கிற வேலையைச் செய் என்பதுதான் அதன் அடிப்படை. டாக்டர் சொல்வதோடு சேர்த்து இதை வைத்துக்கொள்ளலாம். துணி துவையுங்கள், கீரை ஆயுங்கள், அக்கா மகளோடு கடைக்கு நடங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் பரவாயில்லை, தோன்றவேண்டும் என்று உங்களை நீங்களே சோதிக்காதீர்கள்.

தறிக்காற்று:

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள்தான் அழுதாள். இன்று ராத்திரி அவள் வீட்டில்தான் இருக்கிறேன், டாக்டரிடம் நாளை மறுநாள் போகிறோம். வீடியோ குழுவிலிருந்து தற்காலிகமாக விலகுவதாகச் செய்தி அனுப்பிவிட்டேன். இரண்டு விஷயம் கேட்கவேண்டும். மாத்திரை கொடுத்தால் பிறகு எப்போதாவது மறுபடி உட்காரலாமா, மாத்திரையோடு தியானம் செய்தால் அது பொய்யான அமைதி என்று குழுவில் ஒருவர் முன்பு சொல்லியிருக்கிறார். அப்புறம், டாக்டரிடம் இந்தத் தியான விஷயத்தையெல்லாம் சொல்லவேண்டுமா? சிரிப்பாரோ என்று இருக்கிறது.

கருங்குருவி:

மாத்திரை பற்றி அப்படிச் சொன்னவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பல வருஷமாக உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பயிற்சியில் எந்தப் பொய்யும் இல்லை. உங்களுக்கு எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும். மறுபடி உட்காரும் நாள் வந்தால் பத்து நிமிஷம் போதும், கண் பாதி திறந்திருக்கட்டும், சுவருக்குப் பதிலாக ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், மூச்சைவிடப் பாதமும் தரையும் படுகிற இடத்தைக் கவனியுங்கள். கை அந்நியமாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே எழுந்து நடந்துவிடுங்கள். செஷினுக்கு இப்போதைக்குப் போகவே கூடாது. வீடியோ இல்லாமல் நேரில் பார்த்துப் பேசக்கூடிய ஆசிரியர் கிடைக்கும்வரை கோஆன் எதையும் தொடவேண்டாம்.

இரவுப்பணி:

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், செஷினில் என்ன ஆனது, அதற்கு எத்தனை நாள் முன்னால் அம்மா தவறினார்கள், தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, எடை குறைந்திருக்கிறதா, விடியற்காலையில் வருகிற அந்த எண்ணம், எல்லாமே. பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள், எதிரில் உட்கார்ந்ததும் மறந்துவிடும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்பார்கள், அக்காவையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள், பழைய விஷயம் அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். மாத்திரை எழுதினால் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம், முதல் வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிரிக்கிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். போய்விட்டு வந்து இங்கே ஒரு வரி போடுங்கள்.